‘என்னங்க’ என்றால் இருவர் வருவோம்

நாய் எடுக்கப் போன இடத்தில் இனப்பிரச்சினையைக் கிளப்பியவன் நான். இதை நானே எழுதிவிடுவது நல்லது. மனைவி சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வாள்.

பல்லேகலவில் தொழிற்பேட்டையின் கடைசி மதில் முடிகிற இடத்தில், கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பராமரிக்கும் காப்பகம் ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் பெண்மணி ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், முகவரி, வீடு சொந்தமா வாடகையா, மதில் உண்டா, கேட் பூட்டுமா. அதற்கு அடுத்த கேள்வி: வீட்டில் பேசும் மொழி எது?

எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்தக் கேள்வியை இந்த நாட்டில் யார், எந்த வீதியில் நின்று, எதற்காகக் கேட்பார்கள் என்று என் வயதுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன வயதில் பஸ்ஸில் ஏறியதும் அப்பா எங்கள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளுவார். இறங்கும்வரை வாய் திறக்கக்கூடாது என்று அர்த்தம். தலை நரைத்து, ஐம்பத்துமூன்று வயதாகி, ஒரு நாய்க்காக வரிசையில் நிற்கும்போதும் அந்தக் கிள்ளு அதே இடத்தில் வந்தது.

“நான் வீட்டில் எந்த மொழியில் பேசினால் நாய்க்கு என்ன வந்தது?” என்று கேட்டேன். சிங்களத்தில்தான் கேட்டேன், அதுவும் கந்தோர்க் கடிதங்களில் வருகிற மாதிரி இலக்கணச் சுத்தமான சிங்களத்தில். நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முப்பது வருடமாகச் சிங்களம்–தமிழ் மொழிபெயர்ப்பாளன். கோபம் வந்தால் எனக்குக் குரல் உயராது, இலக்கணம் உயரும். அந்தப் பெண்மணி பேனாவின் மூடியைப் போட்டார். பின்னால் நின்ற குடும்பம் ஓரடி விலகி நின்றது.

“எழுதுங்க,” என்றாள் மனைவி, பல்லுக்குள். “இல்லாட்டி வீட்டுக்குப் போவோம். நாய் கேட்டது நான் இல்ல.”

சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற அர்த்தத்தில் அந்த இடத்தில் “மூன்றும்” என்று எழுதி, அடியில் கோடும் இழுத்தேன். அது பொய். எங்கள் வீட்டில் தமிழ் மட்டும்தான். மகள் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு அதுவும் குறைந்துவிட்டது.

நாய் யோசனையும் அங்கிருந்து வந்ததுதான். நாய்களைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன், ஒன்றையும் வளர்த்ததில்லை. ஒரு நாய் வந்தால் வீட்டில் பேச்சு வரும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் விஞ்ஞான ஆசிரியை. “புத்தகத்துல வர்ற நாய் மூத்திரம் போறதில்ல,” என்றாள். இருந்தாலும் வந்தாள்.

பெண்மணி உள்ளே போய்க் கூப்பிட்டு அழைத்துவந்தது ஒரு சின்ன டெரியர் கலப்பு. வெள்ளை நிறம், பிளேன்டீ கொட்டிய மேசைவிரிப்பு மாதிரி அங்கங்கே மங்கல். புருவத்து மயிர் கண்ணை மூடியிருந்தது. எங்களை நிமிர்ந்து பார்க்காமல், போய் மூக்கைச் சுவரில் வைத்து நின்றுகொண்டது. ஒரு நாய் தன்னைத்தானே மூலையில் நிற்க வைத்துக்கொள்வதை அன்றுதான் பார்த்தேன்.

“இரண்டு வீட்டுக்குப் போய் இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது,” என்றார் பெண்மணி. “முதல் வீட்டில் அடித்திருக்கிறார்கள். இரண்டாவது வீட்டில் அடிக்கவில்லை, பொறுமை இல்லை. நீங்கள் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். சரிவராவிட்டால் கொண்டுவாருங்கள், ஏச மாட்டேன். ஆனால் மூன்றாம் முறையும் வந்தால் இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன். அதைத் திரும்பத் திரும்பப் பயப்படுத்த எனக்கு மனமில்லை. இங்கேயே கிடக்கட்டும்.”

இங்கே என்றால் எது என்று பார்த்தேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் முப்பது நாற்பது நாய்கள், எல்லாம் ஒரே நேரத்தில் குரைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு அது நின்றது. பின்னங்கால் இரண்டும் தையல் மெசின் ஊசி மாதிரி ஆடின.

வீட்டுக்கு வந்ததும் ஹாலில் இருந்த அலுமாரிக்கு அடியில் போனது. பத்து நாள் அதுதான் அதன் விலாசம். சாப்பாடு வைத்துவிட்டு நாங்கள் அடுத்த அறைக்குப் போய்க் கதவையும் சாத்தினால் வந்து சாப்பிடும்.

பெயர் வைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு ழகரம் வருகிற தூய தமிழ்ப் பெயர் ஒன்று. இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. நான் அதைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் வேறு ஒரு நாய் வந்து, சாப்பிட்டு, போயும் விடலாம். மனைவி “ஏய்” என்றாள். இரண்டுக்கும் அது திரும்பவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் மகளின் போன். தினமும் பின்னேரம் ஐந்தரைக்கு வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியதும் எடுப்பாள். மனைவி ஸ்பீக்கரில் போட்டு, கொழும்புக்கு நேரடியாகவே கேட்கிற குரலில் தொடங்குவாள். “எப்ப ஏறின? பகல் எப்ப சாப்ட்ட? லீவு எப்ப தருவாங்களாம்? இங்க எப்ப வருவ?” நாலாவது கேள்விக்குள் அலுமாரிக்கு அடியிலிருந்து ஒரு சிற்றாறு புறப்பட்டுச் சீமெந்துத் தரையில் எங்களை நோக்கி வரும். போன் மணிதான் காரணம் என்று நினைத்து மணியை மாற்றினேன். ஸ்பீக்கரை நிறுத்தினோம். ஆறு நிற்கவில்லை.

“என் குரலே ஆகல இதுக்கு,” என்றாள் மனைவி. வேடிக்கையாகச் சொன்ன மாதிரித்தான் இருந்தது. ஆனால் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, முழங்கால் வலியோடு கதிரையில் உட்கார்ந்து “எப்பா…” என்று மூச்சு விட்டாலும் அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. “நான் உக்காந்தாலும் பொறுக்கல” என்று சொன்னபோது அதில் வேடிக்கை இல்லை.

இதில் எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. கலியாணமாகி இருபத்தாறு வருடமாக வீட்டில் என் பெயர் ‘என்னங்க’. அவள் குசினியிலிருந்து “என்னங்க!” என்று கூப்பிட்டால் நான் போவேன். போனால் அங்கே எனக்கு முன்னால் நாய் நிற்கும். வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு. “நீ எதுக்கு வந்த?” என்பாள். கொஞ்ச நேரம் நிற்கும். ஒன்றும் நடக்காது. திரும்பி அலுமாரிக்கு நடந்து போகும், பரீட்சைப் பெறுபேறு பார்த்த பிள்ளை மாதிரி.

பயந்த நாய் அதிகாரத்தை மதிக்கிறது என்று நான் ஒரு கொள்கை வகுத்தேன். வீட்டில் அதிகாரம் யாரிடம் என்பதை நாய் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டது என்று எழுதி, பத்திரிகைக்கு அனுப்ப ஒரு நகைச்சுவைக் கட்டுரையும் தொடங்கினேன். தடியெடுக்காதவளிடம் அந்தப் பயம் எப்படி வரும் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கட்டுரை கெட்டுப்போயிருக்கும்.

பத்தாம் நாள் மனைவி அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கியது. ஐஸ் கட்டியைச் சீலைத் துண்டில் சுற்றி நான் பிடித்துக்கொண்டிருக்க, அவள் அலுமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“சனிக்கிழமை கொண்டுபோய் விட்டுட்டு வருவோம்.”

“கொண்டுபோனா அது அங்கேயே தான். அந்தம்மா சொன்னது ஞாபகம் இருக்கா?”

“ஞாபகம் இருக்கு. ஆனா இது இங்க சந்தோஷமா இருக்கா? நீங்களே சொல்லுங்க. நாம ரெண்டு பேரும் பேசினாலே ஒண்ணுக்கு போற ஜீவன வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறோம்?”

“என்ன” என்றதும் அது வெளியே வந்து நின்றது. இருவரும் பார்த்தோம். இருவருக்கும் விளங்கவில்லை. அன்று எனக்குள் ஓடியது துக்கம் மட்டுமில்லை. ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியை இன்றுவரை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் பௌர்ணமிப் போயா, மனைவிக்கும் விடுமுறை. காலையில் பழைய பத்திரிகைக் கட்டை வாங்க ஆள் வந்தார். தூக்கிக்கொண்டு கேட் வரை போனேன், கொடுத்தேன், திரும்பி வந்தேன். கேட்டை நான் சாத்தவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் அன்று எல்லோரிடமும் சொன்னேன். மறந்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அலுமாரிக்கு அடியைக் குனிந்து பார்த்தேன். ஈரம் இருந்தது, நாய் இல்லை.

எங்கள் வீடு குண்டசாலை வீதிக்கு மேலே, மேட்டில். கீழே இறங்க நாற்பது படி. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த இரண்டு ழகரப் பெயரைக் கூவிக்கொண்டு இறங்கினேன். படிகளுக்கு நேரே, வீதியோரத்தில், ஹேவாஹெட்டயிலிருந்து கோவாவும் கரட்டும் ஏற்றி வந்த மரக்கறி லொறி ஒன்று நின்றது. பின்சக்கரத்துக்கு உள்ளே ஒரு வெள்ளைத் துணி மாதிரி அது.

லொறிக்கு அந்தப் பக்கம் பஸ் பாதை. போயா நாளென்றால் பஸ்கள் விரதம் முடித்த மாதிரிப் பறக்கும். சத்தத்துக்கு மிரண்டு அந்தப் பக்கமாக ஓடினால் முடிந்தது.

தாரில் குப்புறப் படுத்தேன். “வா… வாடா… வாம்மா…” தமிழில் ‘வா’வுக்கு எத்தனை குழைவு உண்டோ அத்தனையும் போட்டேன். அது என்னைப் பார்த்தது. பார்வையில் பகை இல்லை. அஞ்சல் கந்தோரில் வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பார்க்கிற பார்வை.

லொறிக்காரர் டீ குடித்துவிட்டு வந்தார். அலவத்துகொடக்காரர் என்று பிறகு தெரிந்தது. தொப்பி போட்ட, என் வயது முஸ்லிம் மனிதர். வாகனத்துக்கு அடியில் ஒருவன் கிடப்பதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

“யா அல்லா! சேர், என்ன இது? நான் எடுக்கப் போறேனே!”

“நாய் ஒன்னு உள்ள இருக்கு. கொஞ்சம் பொறுங்க.”

“பொறுக்கலாம் சேர். கோவா பொறுக்காதே.” ஆனாலும் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார்.

அப்போது மேலே படியின் உச்சியிலிருந்து மனைவி கத்தினாள். “என்னங்க!”

நாய் எழுந்தது. வயிறு தாரில் உரசச் சக்கரத்தைத் தாண்டி எங்கள் பக்கம் இரண்டடி வந்தது. மனைவி வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். “எப்ப ஓடிச்சு? கேட்ட எப்பங்க தொறந்தீங்க? எப்ப?”

நாய் அப்படியே பின்வாங்கியது. இந்த முறை முன்சக்கரம் வரை. அந்தப் பக்கத்து வெயில் அதன் முதுகில் விழுந்தது.

“மிஸ்,” என்றார் லொறிக்காரர், “நீங்க அதக் கூப்புடுறீங்களா, வெரட்டுறீங்களா?”

“நான் எங்க அதக் கூப்பிட்டேன்? இவரக் கூப்பிட்டேன்.”

“அது ஒங்களுக்குத் தெரியும், சேருக்குத் தெரியும். நாய்க்குத் தெரியுமா? சிங்கள ஊட்ல வளந்த நாயா இது?”

“இருக்கும். எடுத்த எடத்துல சிங்களம்தான் பேசினாங்க,” என்றேன்.

“அப்ப செரிதான். சிங்களத்தில ‘என்ன’ எண்டா வா. ஒங்கட ‘எப்ப’ அதுக்கு ‘எபா’ மாதிரிக் கேக்கும். ‘எபா’ எண்டா வேணாம், செய்யாத. நீங்க வா எண்டுறீங்க, வந்தா வேணாம் எண்டுறீங்க. வா, வேணாம், வா, வேணாம். மனிசனுக்கே பைத்தியம் புடிக்கும் மிஸ்.”

முப்பது வருடம். சிங்களத்திலிருந்து தமிழுக்கு வந்த சுற்றறிக்கைகளில் பாதி என் கையால் வந்தவை. ஆனால் வீட்டுக்குள் போகும்போது செருப்போடு சேர்த்துச் சிங்களக் காதையும் வாசலில் கழற்றிவிட்டுப் போகிறவன் நான். காப்பகத்தில் அந்தப் பெண்மணி “என்ன, என்ன” என்றுதான் அதை வெளியே அழைத்து வந்தார். அங்கே அது எனக்குச் சிங்களமாகக் கேட்டது. என் மனைவியின் வாயில் அதே சொல் இருபத்தாறு வருடத் தமிழ்.

தாரில் கிடந்தபடியே பத்து நாளையும் திருப்பிப் பார்த்தேன். கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அது வந்திருக்கிறது. நடுங்கிக்கொண்டு, அடி விழும் என்று நினைத்துக்கொண்டு, ஆனாலும் வந்திருக்கிறது. வந்து நின்ற நாயிடம் ‘எதுக்கு வந்த’ என்று கேட்டிருக்கிறோம். முதல் வீட்டில் எந்தச் சொல்லைச் சொல்லி அடித்தார்கள் என்பதும் இப்போது தெரிந்தது. அந்தச் சொல்லை ஒவ்வொரு பின்னேரமும் ஐந்தரைக்கு, ஒரு தாய் தன் மகளிடம், அன்பாக, நாலு தரம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு சொல் காதில் விழுந்ததும் உடம்பு சுருங்குவது என்னவென்று தெரியாதவனா நான்? பஸ்ஸில் அப்பாவின் விரல் வந்த தொடை தாரில் சுட்டுக்கொண்டிருந்தது.

மனைவி முழங்காலை மடித்து வீதியோரத்தில் உட்கார்ந்தாள். வலியில் வாய் ‘எப்…’ என்று திறந்தது. உதட்டைக் கடித்து அதை விழுங்கினாள். லொறிக்காரர் எழுந்து போய் வீதி நடுவில் கையை நீட்டி நின்றார். ஒரு பஸ் கோபமாக ஹோர்ன் அடித்து நின்றது.

“என்ன,” என்றாள் மனைவி. என்னை ஒரு நாளும் அந்தக் குரலில் கூப்பிட்டதில்லை. “என்ன… என்ன…”

அது வந்தது. வந்து அவள் முன்னால் நின்று, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டது. அவள் நல்ல கையால் அள்ளி மடியில் வைத்தாள்.

அன்று பகல், நாய் அலுமாரிக்கு அடியில் போன பிறகு, கேட் விஷயத்தை நான் மனைவியிடம் சொன்னேன். மறதி இல்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“தெரியும்,” என்றாள். “நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கேட் தொறந்து கெடந்துச்சு. போய் சாத்தணும்னு நெனச்சேன். சாத்தல.”

அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. இனியும் பேசுவோம் என்று தோன்றவில்லை.

‘எப்ப’ என்ற சொல் அன்று முதல் வீட்டில் தடைசெய்யப்பட்டது. தாய்மொழியிலிருந்து ஒரு சொல்லை எடுத்துவிட்டால் எவ்வளவு பெரிய ஓட்டை விழும் என்று மொழிபெயர்ப்பாளனான எனக்கே தெரியாது. மனைவி போனில் திக்கினாள். “நீ… எந்தக் கெழம வருவ? எத்தன மணிக்கு சாப்ட்ட?” மகள் பயந்துவிட்டாள். “அம்மாவுக்கு என்ன ஆச்சு, அப்பா? பொலிஸ் மாதிரிக் கேக்குறாங்க.” மறுபடியும் போட்டிருந்த ஸ்பீக்கரில் வந்த ‘என்ன’வுக்கு நாய் வெளியே வந்தது. கொழும்பிலிருந்து கூப்பிட்டாலும் வந்தது. தயாராக வைத்திருந்த பிஸ்கட்டை மனைவி நீட்டினாள். அது பிஸ்கட்டையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தது. எடுக்கவில்லை. ஆனால் அலுமாரிக்குத் திரும்பவும் இல்லை. நடு ஹாலில், இரண்டுக்கும் சம தூரத்தில் படுத்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். மறதியில் வாய் தவறும். தவறினால் அது தரையோடு தட்டையாகிவிடும். நாங்கள் விட்டாலும் பக்கத்து வீட்டில் விடமாட்டார்கள். அவர்கள் பிள்ளைகளைப் பார்த்து நாள் முழுக்க ‘எபா’ என்கிறார்கள். அந்தச் சொல்லை நாட்டைவிட்டு எடுக்க முடியாது. அதன் உடம்பிலிருந்து எடுக்க முடியுமா என்பதும் தெரியாது.

சனிக்கிழமை, சொன்னபடியே, பல்லேகலவுக்குப் போனோம். எதற்குப் போகிறோம் என்று ஓட்டோவில் இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. மனைவியின் மடியில் நாய். காப்பகத்துச் சத்தம் தூரத்தில் கேட்டதுமே அதன் பின்னங்கால் ஆடத் தொடங்கியது. கேட்டில் இறங்கும்போது மூக்கை அவள் கக்கத்துக்குள் புதைத்துக்கொண்டது. சுவருக்குப் பதிலாக.

பெண்மணி எங்களைப் பார்த்ததும் முகம் இறுகி, கையை நீட்டினார், நாயை வாங்க.

மனைவிக்கு அவ்வளவாகச் சிங்களம் வராது. தெரிந்த ஒரு சொல் கைவசம் இருந்தது. நாயின் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, “எபா,” என்றாள். வேண்டாம்.

பிறகு முழுதாகப் பொறுப்பேற்கும் படிவம் வந்தது. அதிலும் அதே கேள்வி. வீட்டில் பேசும் மொழி? நான் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். ஒரு சின்ன உரையே நிகழ்த்தினேன். பயந்த நாய்க்கு எந்த மொழி விளங்கும், அது போகிற வீட்டில் எந்த மொழி காதில் விழும் என்று முன்கூட்டியே யோசித்து இப்படி ஒரு கேள்வியை வைத்த தூரதிருஷ்டியை நான் இனவாதம் என்று நினைத்துவிட்டேன் என்றேன். இலக்கணம் உச்சத்தில் இருந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

பெண்மணி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“அது நாய்க்காகக் கேட்கிற கேள்வி இல்லை, மாத்தயா. வாரம் ஒரு தடவை உங்களுக்குப் போன் எடுத்து நாய் எப்படி என்று விசாரிக்க எங்களில் எந்த மொழிக்காரரைப் போடுவது என்று பார்க்கத்தான். நீங்கள் மூன்றும் என்று எழுதினீர்கள். மற்றவர் எடுப்பார் என்று நினைத்து ஒருவருமே எடுக்கவில்லை.”